எழுதாமல் விட்டது நாமதான்

போன வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானத்துக்கு வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தப்போ வந்த பேச்சு இது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

பத்மா லட்சுமி 1970-இல் சென்னையில் பிறந்தவர். நாலு வயசில் அமெரிக்கா போனவர். 2016-இல் தன் வாழ்க்கையையும் சாப்பாட்டையும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். நம்ம பிள்ளை ஒன்று படிச்சிட்டு வந்து சொன்னது. பாட்டி வீட்டு அடுப்படி, தயிர் சாதம் என்று கேட்கவே சந்தோஷமா இருந்தது. ஆனா கல்யாணம் முறிஞ்சது, மாதவிடாய் வலி எல்லாத்தையும் அவர் வெளிப்படையா எழுதியிருப்பது எங்களில் சிலருக்குப் பிடிக்கல. அப்போ ஒரு அக்கா, "அந்த வலியோட நாங்க பால் வெட்டப் போனோம், யார்கிட்ட சொன்னோம்?" என்றார். அதுக்கப்புறம் யாரும் குறை சொல்லல.

இதே பத்மா 1999-இல் ஒரு இத்தாலியக் கடற்கொள்ளையர் தொடரில் நடிச்சவர். அதிலிருந்து பேச்சு சண்டோகானுக்குப் போனது. 1976-இல் வந்த அந்த இத்தாலியத் தொடரில் நம்ம கபீர் பேடிதான் 'மலேசியப் புலி'. வெள்ளைக்காரன் ஜேம்ஸ் புரூக்கை எதிர்த்து நிற்பதைப் பார்க்கும்போது நமக்கும் நெஞ்சு நிமிரும். கொள்ளைக்காரனை வீரனாக்கலாமா என்பது வேறு கேள்வி. ஆனா அந்தக் கதையை எழுதிய சல்காரி இந்தப் பக்கம் வந்ததே இல்லை! வராதவர் எழுதிய மலேசியாவை ஐரோப்பா முழுக்கப் பார்த்தது.

எங்க மனசு இதில்தான் கனத்தது. ஊரை விட்டுப் போனவர் நினைச்சி எழுதினார். ஊரைப் பார்க்காதவர் கற்பனையில் எழுதினார். கோலா குபு பாரு சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மூணு நாலு தலைமுறை வாழ்ந்த நாம என்ன எழுதினோம்? ரப்பர் போய் செம்பனை வந்தது, லயங்கள் காலியாச்சு. ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிழைச்சவங்க இன்னிக்கு விரல் விட்டு எண்ணுற அளவில்தான் இருக்காங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது, கேட்காதது நாமதான்.

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வரும் இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வாங்க. பாட்டிகள் பக்கத்தில் உட்காருங்க. அவங்களுக்கு அளவெல்லாம் கைதான். அந்தக் கை இருக்கும்போதே ஒரு அண்டா சாம்பாருக்கு எவ்வளவு புளி என்று கேட்டு எழுதுங்க. மீதிக் கதை தன்னால வரும்.

அம்மன் துணை.