சர்பத் பாட்டிலில் கார் எண்ணெய்



"வீட்டையும் குழந்தைகளையும் பற்றி எழுதும் இந்தப் பகுதியில் காருக்கு என்ன வேலை?" என்று கேட்காதீர்கள். கடைசிவரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் கார் 2010ல் வாங்கியது. ஆட்டோமேட்டிக் கியர். கிளட்ச் மிதிக்கும் தொல்லை இல்லை என்பதால்தான் ஐம்பது வயதுக்கு மேல் நானும் ஓட்டக் கற்றுக்கொண்டேன். போன மே மாதம் கியர் மாறும்போதெல்லாம் வண்டி லேசாகக் குலுங்க ஆரம்பித்தது. "கியர் எண்ணெய் மாத்தி ரொம்ப நாளாச்சு. நானே மாத்திடறேன், நீ டார்ச் மட்டும் பிடி" என்றார் என்னவர். ரிட்டயரானதிலிருந்து அவருக்குக் கை சும்மா இருக்காது.

எஞ்சின் எண்ணெய் வேறு, இது வேறு. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்த உதவுவது, அழுத்தம் கொடுத்துக் கியரை மாற்றுவது, சூட்டைத் தணிப்பது எல்லாம் இந்த எண்ணெய்தான். எஞ்சின் எண்ணெயோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாலும் சிவப்புச் சாயம் சேர்த்திருப்பார்கள். அந்தச் சிவப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்!

முதலில் வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்தோம். ஆட்டோமேட்டிக் என்றால் எல்லாம் ஒன்றல்ல. எங்களுடையது டார்க் கன்வர்ட்டர் வகை. சி.வி.டி. வகைக்கு எண்ணெய் வேறு, ஏ.எம்.டி. வகைக்கு வேறு. மாற்றி ஊற்றினால் கியர் பெட்டியே பாழ். சில வண்டிகளில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியே இருக்காது. அவற்றை ஒர்க் ஷாப்பில் விடுவதே நல்லது.

பேரன் தூங்கும் நேரமாகப் பார்த்து வேலையைத் தொடங்கினோம். மூன்று வயது, லீவுக்கு வந்திருந்தான். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது சமதளத்தில் நிறுத்தினார். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கால் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்தார். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் போவது உயிரோடு விளையாடுவது. உங்கள் வீட்டில் யாராவது அப்படிப் போனால் காலைப் பிடித்தாவது வெளியே இழுங்கள்!

அடி நட்டைக் கழற்றியதும் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் பழைய எண்ணெய் பேசினில் கொட்டியது. அளந்தால் இரண்டரை லிட்டர். "ஆறு லிட்டர் பிடிக்கும்னு போட்டிருக்கே?" என்று கேட்டேன். மீதி டார்க் கன்வர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடுமாம். அதனால்தான் சிலர் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றுகிறார்கள். நட்டில் உள்ள காந்தத்தில் கண்மை போல இரும்புத் தூள் ஒட்டியிருந்தது. மை போல இருந்தால் பயமில்லை. செதில் செதிலாக இருந்தால் மெக்கானிக்கைப் பார்க்க வேண்டும்.

புது வாஷர் போட்டு நட்டை முடுக்கியாயிற்று. வெளியே வந்த அளவுக்கே புது எண்ணெயை ஊற்ற வேண்டும். குறைந்தால் கியர் வழுக்கும். கூடினால் நுரைத்துப் போகும். "அளக்க ஏதாவது கொடு" என்றார். நான்தான் காலியாக இருந்த ஒரு லிட்டர் ரோஸ் சர்பத் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு தடவை முழுதாக நிரப்பி ஊற்றினார். மூன்றாவது தடவை பாதி போதும். மீதிப் பாதியோடு பாட்டிலைப் படியில் வைத்துவிட்டு, வண்டியை இறக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கையேட்டில் சொன்னபடி அளவு பார்த்தார். வண்டி பூப்போல நகர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு பேருக்குமே பாட்டில் மறந்துவிட்டது.

"பாட்டி, சர்பத் நல்லாவே இல்ல!"

திரும்பிப் பார்த்தால் படியில் உட்கார்ந்திருக்கிறான் குழந்தை. மூடியைத் திருகாமல் வைத்திருந்தோம். உதடு, மோவாய், சட்டை எல்லாம் சிவப்பு. எனக்குக் கை கால் ஓடவில்லை. வாந்தி எடுக்க வைத்தால் எல்லாம் வந்துவிடும் என்று உப்புத் தண்ணீர் கரைக்க ஓடினேன்.

என் அலறலைக் கேட்டு மாடி வீட்டு டாக்டரம்மா இறங்கி வந்தார். "வேண்டாம்மா, வாந்தி எடுக்க வைக்காதீங்க!" என்று தம்ளரைப் பிடுங்கி வைத்தார். இந்த மாதிரி எண்ணெய் வயிற்றுக்குள் இருப்பதைவிட, வாந்தியில் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்குவதுதான் பெரிய ஆபத்தாம். நிமோனியா போல நுரையீரல் புண்ணாகிவிடுமாம். மண்ணெண்ணெய், பெயிண்ட் தின்னர் போன்ற நீர்த்த சரக்குகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

வாயைத் துடைத்து, நனைந்த சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் வந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல் வருகிறதா என்று ஆறு மணி நேரம் வைத்திருந்து பார்த்தார்கள். ஒரு வாய்தான், அதையும் துப்பியிருக்கிறான். தெய்வாதீனமாக ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆறு மணி நேரத்தில் நான் பட்டதை எழுத முடியாது.

அவனைக் குறை சொல்ல முடியுமா? சர்பத் பாட்டில், சர்பத் நிறம், சர்பத் லேபிள். அதை அவன் கைக்கு எட்டும்படி செய்தது நான்தான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் காரே இல்லாமல் இருக்கலாம். ஃபினாயில், ஆசிட், தின்னர், மண்ணெண்ணெய் இல்லாத வீடு உண்டா? எதையும் குடிக்கிற பாட்டிலிலோ தம்ளரிலோ ஊற்றாதீர்கள், ஒரு நிமிஷத்துக்குக்கூட. வந்த டப்பாவிலேயே மூடி, உயரத்தில் பூட்டி வையுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், டப்பாவோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வண்டி இல்லையென்றால் 108.

கழிவு எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய எண்ணெய் சேர்க்கும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிட்டோம். எண்ணெய் அளக்க இப்போது தனியாக ஒரு குவளை இருக்கிறது. அதன்மேல் பெயிண்டால் பெரிதாக 'விஷம்' என்று எழுதியிருக்கிறார் என்னவர். பேரனுக்குப் படிக்கத் தெரியாது என்பதால், அதுவும் பரண்மேல்தான் இருக்கிறது.