எரிக்காமல் எடுக்க வழி செய்யுங்கள்
நாமக்கல் வட்டாரப் பழைய டயர் வெட்டும் தொழிலாளர்களின் கோரிக்கைச் சாசனம்

லாரி டயர் ஒன்றிரண்டு முறை ரீட்ரேடிங் பார்த்துத் தேய்ந்த பிறகே எங்கள் கைக்கு வருகிறது. நைலான் டயரில் விளிம்பு வளையத்தில் மட்டும்தான் கம்பி. ரேடியலில் உடம்பு முழுக்கக் கம்பி. 50 கிலோவைத் தாண்டும் டயரில் 10 கிலோ எஃகாவது தேறும். ரப்பர் கவ்விக்கொள்வதற்காகவே அதன்மேல் பித்தளை பூசியிருக்கிறார்கள். அந்தப் பிடிதான் எங்கள் வயிற்றில் அடிக்கிறது.

ரப்பர் ஒட்டிய கம்பி என்றால் உருக்காலைக்காரர் விலையைக் குறைக்கிறார். ரப்பரிலுள்ள கந்தகம் உலைக்கு ஆகாது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த விலை வித்தியாசத்துக்காகத்தான் ஊருக்கு வெளியே இரவில் டயர் எரிகிறது. எரித்தால் கம்பி துருவேறி எடை குறையும் என்பது எரிப்பவருக்கும் தெரியும். வேறு வழி காட்டாமல் அபராதம் மட்டும் போடுகிறீர்கள்.

ஆகவே எங்கள் தலையாய கோரிக்கை, சிட்கோ தொழிற்பேட்டை ஒன்றில் பொது மையம். விளிம்புக் கம்பியை உருவும் இயந்திரம், டயரைத் துண்டாக்கும் இயந்திரம், கம்பியைப் பிரிக்கும் காந்தம், அதைக் கட்டாக அழுத்தும் பிரஸ் நான்கும் அங்கே வேண்டும். விளிம்பை முதலில் உருவாவிட்டால் துண்டாக்கும் கத்தி சீக்கிரம் மழுங்கும்; திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் இதை மறந்துவிட வேண்டாம். இலவசம் கேட்கவில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வையுங்கள், கட்டுகிறோம்.

2022 ஜூலையில் ஒன்றிய அரசு அறிவித்த விதிப்படி, டயர் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். சான்றிதழை விற்பது பதிவுபெற்ற ஆலை. டயரைத் திரட்டி வெட்டித் தருகிறவருக்கும் அந்தப் பணத்தில் பங்கு வேண்டும்.

ஒட்டிய ரப்பரின் அளவுக்கேற்ற விலைப்பட்டியலை உருக்காலைகள் எடைமேடையில் எழுதி வைக்க வேண்டும். கண்பார்வையில் கழிவு போடுவது நிற்க வேண்டும்.

டயரிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலைகளில், உலை ஆறும் முன்பே கதவைத் திறந்து கொக்கியால் கம்பியை இழுக்கச் சொல்லக் கூடாது. சூடான கரித்தூளில் காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும். தொழிற்சாலை ஆய்வாளர் இரவு ஷிஃப்டில் வந்து பார்க்கட்டும்.

தடித்த தோல் கையுறை, ஆண்டுக்கொரு நுரையீரல் பரிசோதனை, நல வாரியத்தில் எங்களைச் சேர்க்க முகாம் ஆகியவையும் வேண்டும்.

மையம் திறந்த பிறகும் எவராவது எரித்தால் வழக்குப் போடுங்கள். தகவலை நாங்களே தருகிறோம்.