பதவியை ஏற்குமுன் கேட்க வேண்டிய கணக்கு

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு வட்டாரத்துப் பம்ப்செட் தொழிற்சாலைகளில் பல்லாண்டுகள் லேத்தின் முன் நின்று தொழில் பழகிய ஒருவரை முதலாளி தம் அறைக்கு அழைத்து, “இனிமே ஷிப்ட்டை நீங்கதான் பாத்துக்கோணும், சூப்பர்வைசராப் போட்டுடலாம்” என்று சொல்லும்போது, அவரிடமிருந்து பெரும்பாலும் வரும் மறுமொழி, “சரிங்ணா, நீங்களாப் பாத்துச் செய்யுங்க” என்பதே. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து நூறு ரூபாய்க்கும் விட்டுக்கொடாமல் விலை பேசும் கொங்கு நாட்டு மனிதர், தமது உழைப்பின் விலையைப் பேசும் வேளையில் மட்டும் சங்கோசத்தால் வாயடைத்துப் போகிறார். அந்தச் சங்கோசத்தை மரியாதையென்று நாம் போற்றி வந்திருப்பது பெருந்தவறு என்பதே என் அபிப்பிராயம்.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மாதம் 18,000 ரூபாய் வாங்கும் தொழிலாளிக்கு, 26 நாள், நாளொன்றுக்கு 8 மணி என்று வகுத்தால், ஒரு மணி நேரக் கூலி ஏறத்தாழ 86 ரூபாய் 50 காசு. ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் முதற்கொண்டே நிலைபெற்ற விதியாதலால், மாதம் 16 மணி நேரம் மிகை வேலை செய்பவருக்குச் சுமார் 2,770 ரூபாய் சேர்ந்து வரும். அவரை மேற்பார்வையாளராக்கிச் சம்பளத்தை 21,500 ரூபாயாக உயர்த்துகிறார்கள். உயர்வு 3,500 என்று வீட்டில் இனிப்பு வழங்கப்படுகிறது. ஆனால் மேற்பார்வைப் பதவியில் இருப்பவருக்கு ஓ.டி. கொடுப்பது அநேக இடங்களில் வழக்கமில்லையாகையால், உண்மையில் கூடிய வருமானம் 730 ரூபாய்தான்.

அவ்வளவில் நின்றாலும் பாதகமில்லை. தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.க்குரிய சம்பள வரம்பு 2017 முதல் 21,000 ரூபாய். அதைத் தாண்டியவர், நடப்பிலுள்ள சந்தாக் காலமும் அதற்குரிய பயன் காலமும் முடிந்ததும், சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் மனைவி மக்களுக்குக் கிடைத்துவந்த சிகிச்சை உரிமையை இழக்கிறார். சட்டப்படியான போனஸுக்கும் அதே 21,000 ரூபாயே எல்லையாக இருந்து வந்திருப்பதால், தீபாவளிக்கு வரவேண்டிய, குறைந்தது 8.33 சதவிகிதமான தொகையும் நிர்வாகத்தின் தயவைப் பொறுத்ததாகிவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் ‘தொழிலாளி’ என்னும் வரையறைக்கே புறம்பானவர். 1943-இல் இளமையிலேயே மறைந்த என்.ஜி.ராமசாமி போன்றோர் கோவைப் பஞ்சாலைத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிப் பெற்றுத் தந்த கூட்டுப் பேரத்தின் பலம், அந்த ஒரு பதவி உயர்வுக் கடிதத்தோடு அவரை விட்டு நீங்குகிறது. இனித் தமக்காகப் பேச வேண்டியவர் அவர் ஒருவரே. ஆகவே கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன் பேசுவதே உசிதம்.

கேட்க வேண்டியவை எவை? இழக்கும் ஓ.டி.யையும் போனஸையும் கழித்த பின்னரும் மெய்யான உயர்வு இருக்க வேண்டுமென்று முதலில் கேட்கலாம். இ.எஸ்.ஐ.க்காக நிர்வாகம் செலுத்திவந்த 3.25 சதவிகிதம் இனி அதற்கு மிச்சமாதலால், குடும்பம் முழுவதற்கும் மருத்துவக் காப்பீடு எடுத்துத் தரும்படி கோருவதில் தவறேதுமில்லை. பணிக்கொடை, இறுதியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் முதன்மையாகக் கொண்டு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் வீதம் கணக்கிடப்படுவதாகையால், உயர்வு முழுவதையும் பெட்ரோல் படி, சாப்பாட்டுப் படி என்று பிரித்துத் தராமல் அடிப்படைச் சம்பளத்திலேயே சேர்க்கச் சொல்வது பிற்காலத்துக்குப் பெருந்துணை.

இப்படிக் கேட்டால் முதலாளி மனம் கோணுவார் என்ற அச்சம் பலருக்கும் உண்டு. வார்ப்பு இரும்பின் விலையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினாலும் பம்பின் விலையைத் திருத்தி எழுதும் அவருக்கு, கணக்கோடு வருபவரின் பேச்சு விளங்காதிருக்க நியாயமில்லை. அப்படிக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவரிடம்தான் ஒரு ஷிப்ட்டையே நம்பி ஒப்படைக்கவும் முடியும். ஆர்டர் மந்தமான காலத்தில், “இப்போதைக்கு இவ்வளவுதான்” என்று அவர் மெய்யாகவே சொல்லக்கூடும். அப்போது, ஆறு மாதம் கழித்து எந்தத் தேதியில் எவ்வளவு உயர்த்தப்படும் என்பதைப் பதவி உயர்வுக் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதித் தரும்படி கேட்டு, அதன் பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு வரலாம்.