சிற்றேரிகளையும் காவல் செய்ய வேண்டும்

வங்கக் கடலில் புயல் உருவாகிறது என்ற செய்தி வந்த மாத்திரத்தில், சென்னையிலும் அதன் தென் புறநகர்களிலும் வாழும் ஜனங்கள் அனைவரும் ஒருமிக்க விசாரிப்பது செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைத்தான். 24 அடியில் இன்று எத்தனை அடி, எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்ற கணக்கு அன்றாடம் பத்திரிகைகளில் வருகிறது, அது அவசியமே. 2015 டிசம்பர் முதல் தேதியன்று அந்த ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டு அடையாற்றங்கரை முழுவதும் மூழ்கியதையும், அதனை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-ல் குறிப்பிட்டதையும் எவரும் மறந்துவிடலாகாது.

ஆயினும் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மேற்குத் தாம்பரத்தையும் அன்று மூழ்கடித்தது செம்பரம்பாக்கத்து நீர் அன்று. அந்த ஏரியின் உபரிநீர்க் கால்வாய் அடையாற்றோடு வந்து கலப்பது திருநீர்மலை அருகில். இவ்வூர்களோ அந்தச் சங்கமத்துக்கு மேலே இருப்பவை. தாம்பரத்தில் மட்டும் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பொழிந்த அந்த ஒரு நாளில், ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் முதலிய ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாகப் பெருகிய வெள்ளமே இவ்வூர் வீடுகளுக்குள் புகுந்தது. பெரிய ஏரி ஒன்றின் மீதே நம் கவனத்தையெல்லாம் வைத்துவிட்டு, அதனினும் அருகிலுள்ள அபாயத்தைக் கவனியாமல் விட்டுவிடுகிறோம் என்பதே என் விசாரம்.

இந்தச் சிற்றேரிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கதவு வைத்த வெள்ள மதகுகள் கிடையா. நிரம்பினால் கலங்கலைத் தாண்டி நீர் தானாக வழியும். வேண்டும்போது திறக்கவும் வேண்டாதபோது மூடவும் அங்கே வசதியில்லை. ஆகவே முன்கூட்டியே மட்டத்தைத் தாழ்த்திவைக்க விரும்பினால் பாசன மதகு ஒன்றே வழி. அந்த மதகிலிருந்து புறப்பட்ட வாய்க்கால்களோ வயல்கள் மனைகளானபோது பல இடங்களில் தெருக்களாகிவிட்டன. கிழக்கே சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி கைமாறிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைய வேண்டிய நீருக்கும் இதே கதிதான்.

இவ்வேரிக் கரைகளின் பழமை மட்டுமே அபாயமன்று. கல்லணை இன்றும் நிற்கிறது. 1836-ல் கட்டப்பட்ட முக்கொம்புக் கொள்ளிடம் அணையிலோ 2018 ஆகஸ்ட் 22-ந் தேதி இரவு ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன. இரண்டுக்குமிடையே உள்ள வேற்றுமையில் பராமரிப்புக்கும் பங்குண்டு என்பதே என் அபிப்பிராயம். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்றொரு சபையையே குறிப்பிடுகின்றன. ஏரிக்கென்று பொறுப்பாளிகள் இருந்தார்கள் என்பது இங்கே கவனிக்கத் தக்கது. இன்றோ 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும் மட்டுமே தழுவுகிறது. தாம்பரத்துச் சிற்றேரிகளின் தாழ்ந்த மண்கரைகள் அந்தச் சட்டத்தின் பார்வையில் படுவதேயில்லை.

ஆதலின் நீர்வளத் துறையையும் தாம்பரம் மாநகராட்சியையும் நான் கேட்பது இதுதான்: ஒவ்வோர் ஏரிக்கும் அளவுகோல் நட்டு, பருவமழை தொடங்குமுன் கரையையும் கலங்கலையும் பரீட்சித்து, புயல் நாட்களில் மணிக்கொரு முறை அதன் மட்டத்தைத் தெளிந்த தமிழில் வார்டுதோறும் அறிவியுங்கள், கலங்கலுக்குக் கீழே போக்குக்கால்வாயை அடைத்து நிற்கும் ஆக்கிரமிப்புகளை, ஏழையின் குடிசை என்றும் செல்வரின் மதில் என்றும் பேதம் பாராமல் அகற்றி, வீடிழப்போருக்கு அவர்களுடைய தொழிலுக்கு எட்டிய தூரத்திலேயே மாற்றிடம் கொடுங்கள். வாசகர்களும் தத்தம் தெருவுக்கு மேலே எந்த ஏரி இருக்கிறது, அதன் உபரிநீர் எவ்வழியே போகிறது என்பதை இந்த ஐப்பசிக்கு முன்பே நேரில் சென்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுகிறேன்.