நெஞ்சுக்குள் சுண்ணாம்பு

நைட்ரோகிளிசரின் என்றால் வெடிமருந்து என்று சிவகாசியில் குழந்தைகூடச் சொல்லும். பட்டாசில் போடுவதில்லை, அது டைனமைட் சமாசாரம். ஆனால் இதயத்தை சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது நாக்குக்கு அடியில் துளியூண்டு கொடுப்பது இதைத்தான். ரத்தக் குழாய் விரியும், படம் பளிச்சென்று விழும். டைனமைட் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே 1896-ல் இதய நோய்க்கு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது இதே மருந்து! மனுஷர் அதைக் கடிதத்தில் எழுதி நொந்துகொண்டிருக்கிறார்.

போன வாரம் விருதுநகரில் பருப்பு மண்டி அண்ணாச்சி ஒருவர் கேட்டார். "ஏன் தம்பி, மதுரைக்குப் போயி ஹார்ட்டுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துட்டா, அப்புறம் தெம்பா பரோட்டா சாப்பிடலாம்ல?"

"நெஞ்சு வலி ஏதும் இருக்கா அண்ணாச்சி?"

"அதெல்லாம் கிடையாது. பக்கத்துக் கடைக்காரர் எடுத்தாரு."

எண்ணெய் பரோட்டாவை விட்டு ஒரு வருஷமாம். துக்கம் புரிகிறது. ஆனாலும் பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துவிட்டு, ஸ்கேன் வேண்டுமா என்பதை டாக்டரிடம் விடச் சொன்னேன். முகம் சுண்டிவிட்டது.

இதில் இரண்டு வகை. ஒன்று, ரத்தக் குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்புக்கு மார்க் போடுவது. 1990-ல் அகாட்ஸ்டன் என்ற அமெரிக்க டாக்டர் கொண்டுவந்த கணக்கு. பூஜ்யம் வாங்கினால் சந்தோஷப்பட வேண்டிய ஒரே பரீட்சை! ஆனால் சுண்ணாம்பு ஏறாத இளங்கொழுப்பு இதில் தெரியாது.

மற்றது சி.டி. ஆஞ்சியோ. கை நரம்பில் அயோடின் மருந்து ஏற்றி எடுப்பது. இதயம் சரவெடி மாதிரி படபடத்தால் படம் கலங்கும் என்று, மாத்திரை கொடுத்து நாடியை 60 பக்கம் இறக்குவார்கள். நடந்தால் வலி, நின்றால் சரியாகிறது, காரணம் புரியவில்லை என்பவர்களுக்கு இது நிஜமாகவே உதவும். ஸ்காட்லாந்தில் அப்படிப்பட்ட 4,146 பேரை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். ஐந்து வருஷத்தில் மாரடைப்பு அல்லது இதய நோய் மரணம், வழக்கமான சிகிச்சையில் 3.9 சதவீதம், ஸ்கேனும் எடுத்தவர்களிடம் 2.3. படத்தைப் பார்த்துச் சரியான மாத்திரையை ஆரம்பித்ததுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள்.

கதிர்வீச்சு? சும்மா உட்கார்ந்திருந்தாலே இயற்கையில் வருஷத்துக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறோம். சுண்ணாம்புக் கணக்குக்குச் சுமார் 1. ஆஞ்சியோவுக்குப் புது மெஷினில் 5-க்குள் முடிக்கலாம். பழைய முறையில் 10-ஐத் தாண்டும். பட்டாசு ஆலையில் இந்த அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று எழுதிப் போட்டிருக்கிறார்களே, அதே நியாயம்தான். தேவைக்கு மேல் ஒரு கைப்பிடிகூட ஆகாது.

கிட்னிக் கோளாறு, ஆஸ்துமா, முன்பு ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாதது, சுகருக்கு மெட்ஃபார்மின், கர்ப்பம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வயாகரா போட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள் சார். நைட்ரோகிளிசரினோடு சேர்ந்தால் பிரஷர் அதலபாதாளம்தான்.

இதெல்லாம் நிதானமாக யோசிக்க நேரம் இருப்பவர்களுக்கு. நெஞ்சை அழுத்தி, வியர்த்துக் கொட்டினால் ஸ்கேன் சென்டர் பக்கமே போகக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆஸ்பத்திரியில் முதல் வேலை ஈ.சி.ஜி. சாத்தூரில் என் நண்பரின் அப்பா, ராத்திரி வந்த வலியை வாய்வு என்று சோடா குடித்துச் சமாளித்தார். காலையில் ஸ்கேன் எடுத்துக்கலாம் என்றாராம். சென்டர் திறந்தது ஒன்பது மணிக்கு. அவர் ஆறு மணிக்கே போய்விட்டார்.