பழைய வாசலைத் தட்டுகிறவர் கதி என்ன?

கடையை வேறு தெருவுக்கு மாற்றுகிறவர், பழைய கதவில் ஓர் அட்டை தொங்க விடுவார். புது விலாசம் அதில் இருக்கும். இணையத்தில் கடை பரப்புகிறவர்களில் பலருக்கு இந்தச் சின்ன மரியாதை தெரியவில்லையே!

2023 ஜூலையில் டுவிட்டர், "எக்ஸ்" என்று பெயர் மாற்றிக் கொண்டது. நீலக் குருவி பறந்தது! பலருக்குப் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம். 2024 மே மாதம் விலாசமும் மாறியது. பழைய விலாசத்துக்கு வந்தவர்கள், தாமாகவே புது வாசலில் கொண்டு போய் விடப்பட்டார்கள்.

ஜியோசிட்டிஸ் கதை பரிதாபம். 1999-ல் யாகூ அதை வாங்கியது. சாதாரண ஜனங்கள் ஆசை ஆசையாகக் கட்டிய பக்கங்கள் அங்கே எத்தனை எத்தனை! 2009 அக்டோபரில் மூடிவிட்டார்கள். முன்கூட்டியே சொன்னார்கள், வாஸ்தவம். எழுதி வைத்துவிட்டு இறந்து போனவர் அதை எப்படிப் படிப்பார்? வெளி ஆர்வலர்கள் அள்ளிச் சேர்த்ததில்தான் ஒரு பகுதியாவது பிழைத்தது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பழைய பக்கத்தைக் கேட்டால், "நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, இங்கே போ" என்று யந்திரமே சொல்லும். 301 என்பது அதன் எண். பக்கத்துக்குப் பக்கம் வழி காட்ட வேண்டும். எல்லோரையும் முகப்பில் தள்ளுவது, டாக்டரைத் தேடி வந்தவரை ஆஸ்பத்திரி கேட்டில் இறக்கி விடுவது போல! ஓராண்டாவது இது நீடிக்கட்டும் என்கிறது கூகுள். அதுவே குறைவு.

பழைய பெயருக்குக் கட்டணம் நின்றால், வேறு ஆசாமி வாங்கிவிடலாம். பழைய வாடிக்கைக்காரர் நம்பி வந்து, தம் ரகசியச் சொல்லை அவனிடம் கொடுப்பார். இந்தக் காசையா மிச்சம் பிடிப்பது?