படிப்புக்கு விலை வைப்பது யார்?



நாம விளைவிக்கிற நெல்லுக்கு நாம விலை வைக்க முடியாது. நம்ம பிள்ளை படிப்புக்கும் வேறு யாரோதான் விலை வைக்கிறார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-லேயே அரசு எடுத்துக்கொண்டது. அப்புறமும் அங்கே டாக்டர் படிப்புக்கு வருஷத்துக்கு 5 லட்சத்துக்கு மேல் கறந்தார்கள். மற்ற அரசுக் கல்லூரியில் அப்போது 13,610 ரூபாய்தான்! மாணவர்கள் 50 நாளுக்கு மேல் போராடிய பிறகே 2021-ல் குறைத்தார்கள். 2023-ல் அண்ணா பல்கலைக்கழகம் தேர்வுக் கட்டணத்தைத் தாளுக்கு 150-லிருந்து 225 ஆக்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தது.

பூட்டிய அறைக்குள் சிண்டிகேட் முடிவெடுத்தால் இப்படித்தான். கேட்டால் தன்னாட்சியாம்! கட்டண உயர்வைச் சட்டமன்றத்தில் வை. நம்ம ஓட்டு வாங்கினவர் பதில் சொல்லட்டும். நிதி போதலைன்னா அரசு கொடுக்கட்டும். அடுத்த கிராம சபையிலேயே தீர்மானம் கொண்டுவருவோம், திரண்டு வாங்க!